சிலை பிறகு, முதல்ல சேரின்ர கொப்பியளை சைக்கிள் கொட்டிலுக்கால எடுங்கோ

எங்கட ஊர் வாசிகசாலை நிர்வாகக் கொமிற்றிக்கும், வெளிநாட்டில இருந்து காசு சேர்த்து அனுப்புற எங்கட ஊர் ஆக்களுக்கும்,

போன பூரணை லீவண்டு காலமை நான் வாசிகசாலைக்கு வந்தது ஒரே ஒரு புத்தகம் பார்க்கத்தான். என்னட்டை ஏஎல் கணிதம் படிக்கிற ஒரு பெடியன் கணிதத்தில வாற எல்லையைப் (லிமிற்) பற்றி ஒரு கேள்வி கேட்டவன், பாடத்திட்டத்தில இல்லாத கேள்வி, எனக்கும் மறுமொழி அரைகுறையாத்தான் ஞாபகம், ஆனா சேரின்ர (எங்களுக்குக் கணிதம் படிப்பிச்ச, 2011ல காலமான பேராசிரியர்) புத்தகங்கள் இருந்த றூமில மூண்டாவது அலுமாரியில மேல் தட்டில ஒரு பச்சை மட்டைப் புத்தகத்தில அது கிடக்கெண்டு நல்லாத் தெரியும். வந்து பார்த்தா றூமில அலுமாரியே இல்லை. சுவருக்குப் புது பெயின்ற், ஏசி பூட்ட ஓட்டை போட்டிருக்கு, கதவில ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எண்டு கடதாசி. புத்தகம் எல்லாம் எங்கையெண்டு காவலுக்கு நிண்ட ஐயாவைக் கேட்டன், அவர் ஒண்டும் பறையாமல் பின்பக்கத்து சைக்கிள் கொட்டிலைக் கையால காட்டினார்.

கொட்டிலுக்க 17 உரபாக். வாயைக் கயித்தால கட்டி ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கி வைச்சிருக்கு. தகரம் ரெண்டு இடத்தில ஒழுகுது, கீழ கிடந்த பாக்குகளில கறையான் ஏறீட்டுது. நான் ஒவ்வொண்டா அவிட்டு சீமெந்து நிலத்தில பரப்பி மத்தியானம் மூண்டு மணி வரைக்கும் எண்ணினன். 2012ம் ஆண்டு சேரின்ர மனுசி புத்தகங்களை வாசிகசாலைக்குக் குடுத்தபோது அதுகளைப் பதிஞ்சது நான்தான், அந்த சிஆர் கொப்பி இப்பவும் என்ர அலுமாரியில இருக்கு, அதில 386 புத்தகம், 64 கையெழுத்துக் கொப்பி எண்டு இருக்கு, கீழ அப்பத்தைய செயலாளரின்ர கையெழுத்தும் வாசிகசாலை சீலும் இருக்கு. அண்டைக்கு நான் எண்ணினது 231 புத்தகம், 29 கொப்பி. மிச்சம் எங்கை எண்டு கேட்க ஐயா சொன்னார், பழைய பேப்பர் எடுக்கிற ஆக்கள் ரெண்டு தரம் வந்து கிலோக் கணக்கில நிறுத்துக்கொண்டு போனவையாம்.

அண்டைக்குப் பின்னேரமே வட்ஸ்அப் குறூப்பில உங்கட அறிவித்தல் வருது. கணிதப் பேராசிரியர் நினைவாக மார்பளவுச் சிலை, கிரனைட் பீடம், திறப்பு விழா தை மாசம், பங்களிப்புச் செய்ய விரும்புற ஆக்கள் தொடர்பு கொள்ளவும். கீழ கைகூப்பின படம் போட்டு அம்பது அறுபது பேர். எனக்குக் கை நடுங்கினது. அந்தக் குறூப்பில உடன ஏதும் எழுதியிருந்தா பிழையான சொல்லுகள் வந்திருக்கும், அதால ரெண்டு கிழமை பொறுத்து, தலைவர் அண்ணையோட ரெண்டு தரம் போனில கதைச்சு, செயலாளர் தம்பிக்குக் கடிதமும் குடுத்து, ஒண்டும் நடக்காத பிறகுதான் இதை எல்லாருக்கும் தெரிய எழுதுறன்.

சேரின்ர பேரை நான் இதில எழுதேல்ல. தன்ர பேரை எங்கையும் போடுறது அவருக்குப் பிடிக்காது, ஊரில எல்லாருக்கும் ஆரெண்டு தெரியும். ஆனா ஆரெண்டு தெரியிறதும் அவர் என்ன செய்தவர் எண்டு தெரியிறதும் வேற வேற எண்டு இந்த ரெண்டு கிழமையில எனக்கு விளங்கீட்டுது, ஏனெண்டா தலைவர் அண்ணை போனில சொன்னது இதுதான்: "தங்கச்சி, அது கணக்குச் செய்து பார்த்த கொப்பியள்தானே, வெட்டிக் கொத்தி ஒண்டும் விளங்காது, ஆர் உதை வாசிக்கப் போகினம்?" அண்ணை கெட்ட மனுசன் இல்லை, என்ர அப்பா ஆஸ்பத்திரியில கிடந்தபோது ராவு பகலா நிண்டவர், அந்த நன்றி எனக்கு எப்பவும் இருக்கும். ஆனா அந்தக் கேள்விக்கு மறுமொழி சொல்லாமல் விட ஏலாது.

சேர் பிறந்தது 1934. எங்கட பள்ளிக்கூடத்தில படிச்சு 1954ல கொழும்புக்கு, இலங்கைப் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். அந்த நேரம் அங்க கணிதப் பேராசிரியரா இருந்தது சி. ஜே. எலியேசர், பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில படிச்ச எங்கட பக்கத்து மனுசன், கேம்பிரிட்ஜில டிராக் எண்ட பெரிய பௌதிக விஞ்ஞானிக்குக் கீழ ஆராய்ச்சி செய்தவர். விழாவுக்கு விழா மேடையில எலியேசரின்ர பேரைச் சொல்லுறம், அவர் என்ன செய்தவர் எண்டு ஒரு தரமாவது சொல்லியிருக்கிறமோ? சேர் எங்களுக்குச் சொன்னவர். கதிர்வீச்சு இழக்கிற எலெக்றோனுக்கு டிராக் ஒரு சமன்பாடு எழுதினவர். அணுவின்ர கருவை நோக்கி எலெக்றோன் விழுந்தா அந்தச் சமன்பாட்டின்படி என்ன நடக்கும் எண்டு எலியேசர் 1943ல கணக்குப் போட்டுப் பார்த்தார். சக்தி இழந்து இழந்து போய்க் கருவில விழும் எண்டுதான் ஆரும் நினைப்பினம். கணக்கு சொன்னது வேற, விழாதாம், திரும்பி வெளியால ஓடுமாம். அப்ப சமன்பாட்டிலேயே ஏதோ சிக்கல் இருக்கு. குருவின்ர சமன்பாட்டுக்குள்ள இருக்கிற சிக்கலைச் சிஷ்யன் தாளில பேனையால கண்டுபிடிச்சிருக்கிறார், குருவும் அதைக் குற்றமா எடுக்கேல்லயாம். சேர் இதைச் சொல்லேக்க முகமே மாறும். எலியேசர் 1959ல மலாயாவுக்குப் போனார், பேந்து அவுஸ்திரேலியாவில லா ட்ரோப் பல்கலைக்கழகம், 2001ல காலமானார். சேரும் ஸ்கொலசிப்பில இங்கிலாந்து போய் பிஎச்டி முடிச்சவர், அங்கேயே நில் எண்டு கேட்டவை, நிக்காமல் கொழும்புக்குத் திரும்பி வந்தார். 1974ல யாழ்ப்பாணத்தில பல்கலைக்கழகக் கம்பஸ் திறந்த உடன கொழும்பை விட்டுப்போட்டு இஞ்சாலை வந்தவர்.

கம்பஸ் திருநெல்வேலியில, பரமேஸ்வராக் கல்லூரிக் கட்டடத்திலதான் தொடங்கினது, ஆனா விஞ்ஞான பீடம் முதல்ல கொஞ்சக் காலம் வட்டுக்கோட்டையில இருந்தது. சேருக்கு அந்த இடத்தில பெரிய பற்று. 1823ல மிஷனறிமார் தொடங்கின வட்டுக்கோட்டை செமினறி இருந்த ஊர், கணிதமும் வானியலும் ஊண்டிப் படிப்பிச்ச இடம், அங்க படிச்ச விசுவநாதபிள்ளை பிறகு அங்கேயே படிப்பிச்சு அட்சரகணிதத்தைத் தமிழில புத்தகமா எழுதினவர். மெட்ராஸ் யூனிவெர்சிற்றியின்ர முதல் பிஏ பட்டதாரியள் ரெண்டு பேரில ஒராள் அவர், மற்றவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. அந்த மண்ணில கரும்பலகைக்கு முன்னால நிக்கிறது எனக்கு வேலை மாதிரித் தெரியேல்ல எண்டு சேர் ஒருக்கா சொன்னது இப்பவும் காதில கிடக்கு.

நான் அவரட்டை வந்தது 1991ல. எனக்குப் பதினாறு வயசு. கரண்ட் இல்லாத காலம், மண்ணெண்ணெய் ஆனை விலை, அரசாங்கத் தடையால பற்றறி கொண்டு வர விடமாட்டினம், அதால கல்குலேற்றர் வைச்சிருந்த ஆக்களுக்கும் அது செத்துப் போச்சு. சேர் கிழமைநாளில கொக்குவிலில ஒரு றூமில இருப்பார், வெள்ளிக்கிழமை பின்னேரம் சைக்கிளில எங்கட ஊருக்கு வருவார், சனி ஞாயிறு பின்னேரங்களில விறாந்தையில நாலைஞ்சு பிள்ளையளை வைச்சுக்கொண்டு இருப்பார். ரியூசன் எண்டு சொல்லக்கூடாது, காசு வாங்கேல்ல, பாஸ்பேப்பர் செய்யேல்ல. நான் ஒருத்திதான் பெட்டை, அம்மா விடமாட்டன் எண்டு நிண்டவ, சேரின்ர மனுசி வீட்டை வந்து, நான் விறாந்தையிலதான் இருப்பன், முடிய நானே கூட்டிக்கொண்டு வந்து விடுவன் எண்டு சொன்ன பிறகுதான் விட்டவ. ரெண்டு வருசமும் அந்த மனுசி சொன்னபடியே ஒவ்வொரு நாளும் என்னைக் கூட்டிக்கொண்டு வந்து படலையில விட்டவ.

ஒரு நாள் சேர் எழுதினார்: ஒண்டு, கூட்டல் அரை, கூட்டல் மூண்டில ஒண்டு, கூட்டல் நாலில ஒண்டு, இப்படியே போனா இது ஒரு எண்ணில நிக்குமோ நிக்காதோ? நிக்கும் எண்டு எல்லாரும் சொன்னம், கூட்டுற உறுப்பு சின்னன் சின்னனாப் போகுதெல்லோ. சரி, கூட்டிப் பாருங்கோ எண்டார். அஞ்சு பேரும் ஆளுக்கு இருவது உறுப்பாப் பிரிச்சு எடுத்து, நீள்வகுத்தல் செய்து, மூண்டு பின்னேரம் குப்பி விளக்கில இருந்து நூறு உறுப்பு வரைக்கும் கூட்டினம். 83வது உறுப்பிலதான் அஞ்சைத் தாண்டினது, நூறு முடியேக்க 5.187. நிக்கப் போகுது சேர் எண்டு சந்தோசமாக் காட்டினம். அவர் ஒண்டும் சொல்லேல்ல, சோக்கை எடுத்து மூண்டில ஒண்டையும் நாலில ஒண்டையும் சேர்த்து ஒரு வளையம் போட்டார், இது அரையிலும் கூடவோ குறையவோ? கூட. அடுத்த நாலையும் சேர்த்து ஒரு வளையம், அதுவும் அரையிலும் கூட. அடுத்த எட்டு. அடுத்த பதினாறு. ஒவ்வொரு வளையமும் அரையிலும் கூடத்தான் வரும், வளையத்துக்கு முடிவில்லை, அப்ப இது எங்கையும் நிக்காது. எங்களுக்கு மேலெல்லாம் புல்லரிச்சது. மூண்டு நாள் கூட்டினதில தெரியாதது மூண்டு வளையத்தில தெரிஞ்சது. எங்களை முதல்ல மினக்கெட்டுக் கூட்ட விட்டார் பாருங்கோ, அதுதான் படிப்பிக்கிறது.

பிறகு அவர் கேட்டார், அப்ப பத்தைத் தாண்ட எத்தினை உறுப்பு வேணும்? வளையத்தை வைச்சுப் பார்த்தா 2,62,144 உறுப்பு போதும் எண்டு நாங்கள் கண்டுபிடிச்சம். போதும் எண்டது சரி, ஆனா அவ்வளவும் வேணுமோ எண்டார். அடுத்த கிழமை மடக்கை அட்டவணையோட வந்து, இயூலரின்ர மாறிலி 0.5772 எண்டு ஒண்டு இருக்கெண்டு சொல்லி, 12,367வது உறுப்பிலேயே பத்தைத் தாண்டும் எண்டு காட்டினார். போதும் எண்டுறதுக்கும் வேணும் எண்டுறதுக்கும் இடையில இவ்வளவு தூரம் இருக்கெண்டு அண்டைக்குத்தான் நான் முதல் முதல் கண்டது. அந்த 12,367ஐ அவர் கையால போட்ட கணக்கு 41ம் இலக்கக் கொப்பியில இருந்தது. பக்கத்தில எங்கட அஞ்சு பேரின்ர பேரும் எழுதி, எந்தப் பிள்ளை எந்த உறுப்பில வகுத்தலைப் பிழை விட்டது எண்டும் குறிச்சு வைச்சிருந்தவர். 2012ல பதியேக்க அதை வாசிச்சு நான் அழுதனான். அந்த அஞ்சு பேரில ரெண்டு பேர் இப்ப உயிரோட இல்லை. அவங்கள் விட்ட பிழையாவது ஒரு தாளில இருந்தது. 41ம் இலக்கம் இப்ப அந்த 29 கொப்பிக்க இல்லை.

வெட்டிக் கொத்தின கொப்பி எண்டு சொல்லுறியள், ஓம், வெட்டிக் கொத்தினதுதான், அதைப் பற்றித்தான் நான் கதைக்கிறன். ஒரு கணித ஆராய்ச்சியாளரின்ர வேலை எண்டது அதுதான். டொக்டருக்கு நோயாளி, எஞ்சினியருக்குப் பாலம், கணிதம் செய்யிற ஆளுக்குத் தாள் மட்டும்தான். சேர் வாழ்நாளில பிரசுரிச்சது 11 கட்டுரை, ஒவ்வொண்டும் பத்துப் பன்ரெண்டு பக்கம், எல்லாம் முடிவில்லாத தொடர்களைப் பற்றினது. 11தானே எண்டு கேட்ட ஆக்களும் இருக்கினம். ஒரு கட்டுரைக்குப் பின்னால ஏழு கொப்பி இருந்தது. ரைப்றைற்றரில அடிச்சுப்போட்டு கிரேக்க எழுத்தெல்லாம் பேனையால போட்டு, வெளிநாட்டு ஜேணலுக்குத் தபாலில அனுப்பினா மறுமொழி வர ஒரு வருசம், சில நேரம் அதுக்கும் மேல, அதுவும் யாழ்ப்பாணத்துக்குத் தபால் ஒழுங்கா வந்தால்தான். ஒரு இடத்தில மூண்டு வருசமா ஒரு துணைத்தேற்றத்தில சிக்கி நிண்டிருக்கிறார், கொப்பிக்குக் கொப்பி அதே வரி, ஒவ்வொரு தரமும் கீழ "இதுவும் பிழை" எண்டு தமிழில எழுதித் திகதி போட்டிருக்கிறார், எரிச்சலில்லாமல், அதே அழகான கையெழுத்தில. பிறகு ஒரு நாள் ஒரு பக்கத்தில ஒண்டுமே வெட்டாமல் ஆறு வரி, கீழ ஒரு சின்னக் கோடு. அச்சில வந்த கட்டுரையில இருக்கிறது அந்த ஆறு வரி மட்டும்தான். அந்த மூண்டு வருசமும் கொப்பியில மட்டும்தான் இருக்கு. என்ர பிள்ளையளுக்கு நான் காட்ட விரும்புறது அந்த மூண்டு வருசத்தை. ஒரு கணக்கு பத்து நிமிசத்தில வரேல்லயெண்டா நான் மொக்கன் எண்டு அழுதுகொண்டு வாற பிள்ளையள் என்னட்டை ஒவ்வொரு தவணையும் இருக்கினம்.

இதுகளுக்க ஊரின்ர கதையும் இருக்கு. 1987 வைகாசி 26ம் திகதி, வடமராட்சியைப் பிடிக்க ஆமி ஒப்பரேசன் லிபரேசன் தொடங்கின நாள், ஒரு சமன்பாடு பாதியில நிக்குது, அதுக்குப் பிறகு ஒரு மாசத்துக்கு மேல ஒண்டும் இல்லை, பிறகு அதே சமன்பாடு விட்ட இடத்தில இருந்து தொடருது, நடுவில ஒரு சொல்லும் இல்லை. 1995 ஐப்பசி 30 சேர் கொக்குவில் றூமில இருந்தவர். ஆமி முன்னேறி வர அந்த இரவு வலிகாமமே எழும்பி நடந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும், மழையும் பெய்தது, நாவற்குழிப் பாலத்தில கால் வைக்க இடமில்லை. சேருக்கு அப்ப 61 வயசு. உடுப்பை விட்டுப்போட்டு கொப்பியளை ரெண்டு பாக்கில போட்டு பொலித்தீனால சுத்தி சைக்கிள் ஹாண்டிலில ஒண்டும் கரியரில ஒண்டுமாக் கட்டி உருட்டிக்கொண்டு வந்தவர், கொடிகாமம் சுத்தி எங்கட ஊருக்கு வந்து சேர நாலு நாள். மனுசன் தோய்ஞ்சு நனைஞ்சு வந்து நிக்குது, கொப்பியில ஒரு பொட்டு ஈரம் இல்லை. இதை நான் ஆரோ சொல்லிக் கேட்டு எழுதேல்ல, பாக்கை இறக்க நானும் பிடிச்சனான். அந்த மழையில நனையாத கொப்பிதான் இப்ப உங்கட கொட்டில் ஒழுக்கில ஊறிப்போய்க் கிடக்கு.

நீங்கள் சொல்லுற நியாயங்களையும் நான் யோசிக்காமல் இல்லை. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு தேவைதான், என்ர மகளும் அதில சேரத்தான் கேக்கிறாள். இடம் காணாது எண்டதும் உண்மை. புத்தகங்கள் எல்லாம் இங்கிலீஷ், ஆரும் எடுக்கிறேல்ல எண்டு செயலாளர் தம்பி சொன்னார், ஆனா தம்பி, றூமை நாலு வருசமாப் பூட்டி வைச்சிருந்தா ஆர் வந்து எடுக்கிறது? 2013ல இருந்து ரெண்டு மூண்டு வருசம் நான் சனிக்கிழமையளில திறந்து வைச்சிருந்தனான், அந்த நேரம் எங்கட ஊரில இருந்தும் பக்கத்து ஊரில இருந்தும் பிள்ளையள் வந்தவை, அதில ஒரு பிள்ளை இப்ப கம்பஸில மற்ஸ் ஸ்பெசல் டிகிரி முடிச்சு மேல படிக்கப் போயிருக்கு. திறப்பை நீங்கள் வாங்கின பிறகுதான் அது நிண்டது.

ராமானுஜனின்ர கதை ஊரில எல்லாருக்கும் தெரியும், அதின்ர மிச்சம் கன பேருக்குத் தெரியாது. அவர் 1920ல, 32 வயசில செத்தவர். கடைசி வருசம் படுக்கையில கிடந்து எழுதின தாள்கள் கைமாறிக் கைமாறி இங்கிலாந்தில வாட்சன் எண்ட ஒரு கணிதப் பேராசிரியரட்டைப் போய்ச் சேர்ந்தது. வாட்சன் 1965ல செத்தபோது அவரின்ர அறை நிலம் முழுக்கக் கடதாசி, கொஞ்ச நாளில எல்லாத்தையும் எரிக்கிறதா இருந்தது, பார்க்க வந்த இன்னொரு கணிதக்காரர் இடையில கையை விட்டுப் பார்த்தபடியாத்தான் அது தப்பினது. பேந்து கேம்பிரிட்ஜ் டிரினிற்றிக் கல்லூரி நூலகத்தில ஒரு பெட்டிக்க கிடந்து, 1976ல ஜோர்ஜ் அன்றூஸ் எண்டவர் திறந்து பார்க்க நூறு பக்கத்துக்கு மேல ராமானுஜனின்ர கையெழுத்து. அதில இருந்த சூத்திரங்களை நிறுவி முடிக்கக் கணிதக்காரருக்குக் கனக்க வருசம் எடுத்தது. சேர் ராமானுஜன் எண்டு நான் சொல்லேல்ல, அவரே கேட்டா கோவிப்பார். ஆனா எது பெறுமதி எது குப்பை எண்டு நிலத்தில கிடக்கேக்க தெரியாது, தெரிஞ்ச ஒராள் குனிஞ்சு பார்க்க வேணும். உரபாக்கில போடமுதல் நீங்கள் ஆரையாவது கேட்டியளோ? என்ர வீடு வாசிகசாலையில இருந்து முன்னூறு மீற்றர்.

1981ல யாழ்ப்பாணம் பொது நூலகத்தை எரிச்சு 97,000 புத்தகம் சாம்பலானதை நாங்கள் ஒவ்வொரு வருசமும் நினைவு கூருறம், போன வருசம் இதே வாசிகசாலையில விளக்குக் கொளுத்தினம், தலைவர் அண்ணைதான் பேசினவர், நல்லாப் பேசினவர், எனக்கும் கண் கலங்கினது. அதே வாசிகசாலையில இருந்து இதுகள் கிலோக் கணக்கில போயிருக்கு எண்டதை நான் இதுக்கு மேல விவரிக்க விரும்பேல்ல, சொல்லவே நெஞ்சு நோகுது.

சிலை வைக்கக் காசு தாற வெளிநாட்டு உறவுகளுக்கு ஒரு சொல். உங்கட மனசு எனக்கு விளங்குது, ஊரை விட்டுப் போன ஆக்களுக்கு ஊரில ஒரு அடையாளம் வேணும். ஆனா உங்களில கன பேர் சேரட்டைப் படிச்சனீங்கள், அவர் தன்ர முகத்தை ஒருக்காவாவது முன்னுக்குக் கொண்டு வந்தவரோ? 99ல பென்சன் எடுக்கேக்க கம்பஸ் பெடியள் மாலை கொண்டு வர, அந்தக் காசுக்கு ஒரு புத்தகம் வாங்குங்கோ எண்டு திருப்பி அனுப்பினவர். 2011ல அவர் போனபோது நெஞ்சில மாலைக்குப் பதிலா ஒரு மடக்கை அட்டவணையை வைச்சவ அவரின்ர மனுசி. சிலை வேண்டாம் எண்டு நான் சொல்லேல்ல, அந்தக் காசின்ர ஒரு பங்கு போதும், மிச்சம் இருக்கிற தாளெல்லாம் தப்பும்.

ஊரில ஒரு பிள்ளை ஏஎல் மற்ஸ் எடுத்தா எல்லாரும் கேக்கிறது எஞ்சினியரிங்குக்கு மொறட்டுவையோ பேராதனையோ எண்டுதான், கணிதத்துக்காகக் கணிதம் படிக்கப் போறன் எண்டா வீட்டில செத்தவீடு மாதிரி. எனக்கும் அப்படித்தான், மற்ஸ் ஸ்பெசல் செய்து என்ன செய்யப் போறாய், ஆர் கட்டுவான் எண்டு கேட்டவை. அந்த நேரம் எனக்கு முன்னால ஒரு மனுசன் இருந்தார், பழைய சைக்கிளில வந்து, காரும் இல்லாமல் வளவும் வாங்காமல், எழுபது வயசிலும் விடிய நாலு மணிக்கு எழும்பிக் கொப்பியை விரிச்சு வைச்சுக்கொண்டு சிரிச்சுக்கொண்டு இருந்த மனுசன். இப்படியும் வாழலாம் எண்டு அவரைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். இப்ப இருக்கிற பிள்ளையளுக்கு அவர் இல்லை, அந்தக் கொப்பியள்தான் இருக்கு, இப்ப அதிலயும் பாதிக்கு மேல இல்லை.

அதால நான் கேக்கிறது இதுதான். முதல்ல, இந்தக் கிழமைக்குள்ள 17 பாக்கையும் கொட்டிலுக்கால எடுத்து காத்துப்படுற, ஒழுக்கில்லாத ஒரு இடத்தில வையுங்கோ, இடம் இல்லையெண்டா என்ர வீட்டு முன் அறையை நான் தாறன், எழுத்தில கையெழுத்து வைச்சுத் தாறன். பேப்பர் எடுத்துக்கொண்டு போன ஆக்கள் ஆரெண்டு காவல் ஐயாவுக்கு முகம் தெரியும், லொறியும் தெரியும், ரெண்டாவது தரம் வந்தது பூரணைக்கு ஒரு கிழமை முந்தி எண்டவர், இப்பவும் எங்கையாவது ஒரு கடை மூலையில கட்டாக் கிடக்கலாம், கொமிற்றியில ரெண்டு பேர் ஐயாவையும் ஏத்திக்கொண்டு போய்க் கேளுங்கோ, அவை கேக்கிற விலையை நான் குடுக்கிறன், ஒவ்வொரு நாள் பிந்தவும் அது கூழாகிப் போறதுக்குச் சந்தர்ப்பம் கூடுது. இனி ஒரு தாளையும் பொதுக்கூட்டத்தில கேக்காமல் வெளியால விடுறேல்ல எண்டு தீர்மானம் எழுதி கூட்டக் குறிப்பில போடுங்கோ. கிடைக்கிற கொப்பியளை ஸ்கான் பண்ண வேணும், இதுக்கெண்டே நூலகம் நிறுவனம் மாதிரி ஆக்கள் யாழ்ப்பாணத்தில வேலை செய்யினம், அவையோட கதைக்க எனக்கு அனுமதிக் கடிதம் ஒண்டு தாங்கோ, மிச்ச ஓட்டமெல்லாம் நான் ஓடுறன். சிலைக்குச் சேர்ந்த காசில அலுமாரிக்கும் ஸ்கானுக்கும் எவ்வளவு எண்டு முதல்ல ஒதுக்கி, மிச்சத்தில சிலையோ வேற ஏதோ எண்டு பொதுக்கூட்டத்தில எல்லாரையும் கேட்டு முடிவெடுங்கோ, அதுவரைக்கும் தை மாச விழாவைத் தள்ளிப் போடுங்கோ. இங்கிலீஷ் வகுப்பு கிழமைநாளில நடக்கட்டும், சனிக்கிழமை பின்னேரம் மட்டும் அந்த றூமைக் கணிதத்துக்கு விடுங்கோ, முந்தி மாதிரி நான் வந்து இருப்பன், சம்பளம் வேண்டாம்.

சேரின்ர மனுசிக்கு இப்ப 84 வயசு. புத்தகமெல்லாம் பத்திரமா இருக்கோ பிள்ளை எண்டு போன மாசமும் கேட்டவ, நான் ஓம் எண்டு சொன்னனான், அண்டைக்கு எனக்கு இது தெரியாது. இனி ஒருக்கா கேட்டா பொய் சொல்ல என்னால ஏலாது. தலைவர் அண்ணை, நீங்களோ செயலாளர் தம்பியோ நேர போய் அவவிட்டை நடந்ததைச் சொல்ல வேணும் எண்டும் கேக்கிறன்.

வாற ஞாயிற்றுக்கிழமை காலமை ஒன்பது மணிக்கு நான் என்னட்டைப் படிக்கிற ஆறு பிள்ளையளோட வாசிகசாலைக்கு வருவன். சாக்கு, துணி, வேப்பிலை எல்லாம் நாங்களே கொண்டு வாறம். கொட்டில் திறப்பை மட்டும் காவல் ஐயாவிட்டைக் குடுத்து விடுங்கோ.